குண்டு அளந்த ஊர்

ஓர் ஊரின் சரித்திரத்தை அறிய விழைவோர் முதற்கண் நாடுவன கோட்டையும் கொத்தளமும் கல்வெட்டும் செப்பேடுமாம். அவை அழிந்தவிடத்துச் சரித்திரமும் அழிந்தொழிந்தது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. கல் தேய்ந்த பின்னரும் சொல் தேயாது நிற்றல் உண்டு. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் வயற்பெயரும், ஏட்டறிவில்லாதார் நாவிலும் வழிவழியாக நின்று பழஞ்செய்தி உரைப்பனவாம். இவ்வுண்மையை எனக்கு நன்கு உணர்த்தியவன் என்பால் தமிழ் பயிலும் சிறுவன் ஒருவன்.

சென்ற ஆண்டு ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பாடம் நடத்துங்கால், மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பொருளும் உரைக்குமாறு பணித்தேன். அச்சிறுவன் எழுந்து, தன் ஊர் குண்டு உப்பலவாடி என்றான். வகுப்பு முழுதும் நகைத்தது. அவன் நாணித் தலைகுனிந்து, “ஐயா, எங்கள் ஊருக்குக் குண்டு என்று ஏன் பெயர் வைத்தார்கள்?” என்று வினவினான். “நாளைச் சொல்லுகிறேன், உட்கார்” என்றேன். மறுநாள் அவனுக்கு உரைத்த விடையை விரித்து, நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறியுமாறு ஈண்டு எழுதலுற்றேன்.

கடலூர் என வழங்கும் நகரின் பழம்பெயர் கூடலூர் என்ப. ஆறுகள் கூடுமிடத்து அமைந்த ஊராதலின் அப்பெயர் பெற்றது. வடபால் பெண்ணையாறும், இடையே கெடிலமும், தென்பால் பரவனாறும் கடலை நாடி வருகின்றன. மேற்கே திருப்பாதிரிப்புலியூர். கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற திருநாவுக்கரசர் கரையேறிய தலம் அதுவே என்பது சைவ மரபு. கரையேறவிட்ட குப்பம் என்னும் பெயர் அச்செய்தியை இன்றும் தாங்கி நிற்கின்றது. கெடிலம் கடலொடு கலக்கும் இடத்தருகே உள்ளது தேவனாம்பட்டினம். இப்பட்டினத்துக் கோட்டையே நம் கதைக்கு நடுநாயகமாவது.

கி. பி. 1677-இல் சிவாஜி மகாராஜர் செஞ்சியைக் கைப்பற்றினார். அதன்பின் இக்கடற்கரை மகாராட்டிரர் ஆட்சியில் வந்தது. அவர்தம் இளைய புதல்வர் இராஜாராமர் செஞ்சிக்கோட்டையில் இருந்து ஆண்டகாலை, ஔரங்கசீப்பின் படை அவரைத் துரத்தி வந்தது. போருக்குப் பொருள் வேண்டும். பொருளுக்குக் கோட்டையை விற்றல் வேண்டும். ஆங்கிலக் கும்பெனியாரோ, நம் நாட்டுத் துணிகளை வாங்கிக் கப்பலேற்றுதற்குச் சென்னைக்குத் தெற்கே அரண் பொருந்திய துறை ஒன்றனை நாடியிருந்தனர். சென்னையில் கவர்னராயிருந்த எலிகு யேல் என்பார் 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்குக் கொண்டு, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயரிட்டார்.

இவ்விற்பனையிலேதான் விந்தையொன்று உளது. கோட்டையைச் சூழ்ந்த நிலம் எவ்வளவு என்று வரையறுத்தற்குக் கோல் கொண்டு அளந்தாரில்லை. கோட்டையினின்று பெரும்பீரங்கி ஒன்றைச் சுட்டு, குண்டு சென்று விழுந்த தொலைவுவரை எத்திசையிலுமுள்ள ஊரெல்லாம் கும்பெனிக்கு உரியன என்பதே ஒப்பந்தம். இவ்வொப்பந்தத்தின் சுவையை அறிந்த சென்னை அதிகாரிகள், மருந்தை இடுவதும் வாயை உயர்த்துவதும் சுடுவோன் கைத்திறம் என்பதை மறவாது நினைவூட்டினர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பீரங்கி திசைதோறும் முழங்கிற்று. கடலூர் நகரும் சுற்றுச் சிற்றூர்களும் அம்முழக்கத்தினால் கைம்மாறின. அவ்வூர்கட்குக் குண்டு கிராமங்கள் எனப் பெயர் ஏற்பட்டது. குண்டு உப்பலவாடி என்பதிலும், கடலூரில் உள்ள குண்டு சாலை என்பதிலும் அமைந்த குண்டு அந்தப் பீரங்கிக் குண்டே என்பர்.

நம் நாட்டில் நிலத்தை அளக்கும் முறை இல்லாமற் போகவில்லை. சோழர் காலத்தில் உலகளந்த கோல் என்னும் கோலால் நாடு முழுதும் அளக்கப்பெற்றது. குழி, மா, வேலி என்னும் கணக்குகளை நம் முன்னோர் அரைக்காணி, முந்திரி வரையில் நுணுகிக் கண்டனர். கோலால் அளப்போன் வரப்பின்மீது நடந்து வருவான். அந்நிலம் நன்செயோ புன்செயோ, உழுவோன் யாவன் என்பதைக் கேட்டறிவான். குண்டுக்கு அவ்வறிவு ஏது? அது வீழ்ந்த வயல் யாருடையது, அவ்வொலி கேட்டு அஞ்சி ஓடிய தாய்மார் எத்துணையர் என்பனவற்றை நாம் பயிலும் சரித்திரப் புத்தகங்களிற் காணோம். கவர்னர் பெயர் உண்டு. கோட்டையின் பெயர் உண்டு. உழுதவன் பெயர் இல்லை. அவன் விட்டுச்சென்றது ‘குண்டு’ என்னும் இவ்வொரு சொல்லே.

கும்பெனியார் தம் எல்லையைச் சுற்றி முட்செடிகளால் வேலி அமைத்து, இடையிடையே காவற்கொத்தளமும் நிறுவினர். வேலிக்குள் நெசவாளரையும் வணிகரையும் குடியேற்றுதலில் ஊக்கம் காட்டினர். தறியின் ஓசை இல்லையேல் பீரங்கியின் ஓசைக்கு வேலை இல்லை என்பதை அவர் நன்கறிவர். படைவரலாறு எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுவர்.

1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அன்று முதல் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினமாயிற்று. 1752 வரையில் சென்னையும் இதற்குக் கீழ்ப்பட்டே இருந்தது. சென்னையில் எழுத்தராயிருந்த இராபர்ட் கிளைவு மாறுவேடம் பூண்டு தப்பி வந்து அடைக்கலம் புக்கதும், எழுதுகோலை விடுத்து வாளேந்தியதும் இக்கோட்டையிலேதான். புதுச்சேரியோ இங்கிருந்து ஒரு நாள் நடைத் தொலைவே. ஆங்கிருந்த தூப்ளே என்னும் கவர்னர் இக்கோட்டையைப் பற்றப் பன்முறை முயன்றார். முதலிற் சென்ற படையை ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீனின் மைந்தர் இருவரும் ஆங்கிலேயர்க்குத் துணைநின்று துரத்தினர்.

1748 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சுப்படை கடலூரை இரவில் தாக்க வருகின்றது என்பதை ஸ்டிரிஞ்சர் லாரன்சு என்னும் படைத்தலைவர் அறிந்தார். பகற்பொழுதில் அனைவரும் காணுமாறு, கடலூரிலிருந்த வீரரையும் பீரங்கிகளையும் கோட்டைக்கு அனுப்பினார். ஊர் காவலின்றிக் கிடக்கின்றது என்னும் செய்தி ஒற்றர் வாயிலாகப் பகைவர்க்கு எட்டியது. இருட்டிய பின்னர் அவ்வீரரும் பீரங்கிகளும் ஓசையின்றி மீண்டும் ஊர் புகுந்தனர். நள்ளிரவில் ஏணி சார்த்த வந்த பிரெஞ்சுக்காரர் சரமாரியாகக் குண்டு பொழியப்பெற்றுச் சிதறி ஓடினர். அக்காலத்துப் புதுச்சேரியின் நிலையை அறிய விரும்புவோர்க்கு ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பு ஒப்பற்ற துணையாம். நம்மவர் ஒருவர் தம் கண்ணாற் கண்டதைத் தம் கையால் எழுதி வைத்தமையால், பிரெஞ்சு நாட்டாரும் ஆங்கில நாட்டாரும் இன்று அதனை நாடிப் படிக்கின்றனர். இதனை அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன்.

மனிதர் வகுத்த அரணை இயற்கை மதிப்பதில்லை. 1749 ஏப்ரலில் வீசிய பெரும்புயலில், இக்கரையருகே நங்கூரமிட்டிருந்த நாமூர், பெம்புரோக் முதலிய ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அழிந்தன. நாமூர் என்னும் ஒரு கப்பலில் மட்டும் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இரண்டாண்டு கழித்து வேறொரு சாவும் இங்கு நிகழ்ந்தது. பெஞ்சமின் ராபின்சு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், துப்பாக்கிக் குண்டு எவ்விரைவிற் செல்கின்றது, காற்று அதனை எவ்வாறு தடுக்கின்றது என்பனவற்றை முதன்முதற் சோதனையால் அளந்து 1742-இல் நூல் செய்தவர். கும்பெனியின் கோட்டைகளைத் திருத்தி அமைக்க அழைக்கப்பெற்று வந்த அவர், 1751 ஜூலை மாதத்தில் தேவனாம்பட்டினத்திலேயே உயிர் நீத்தார். குண்டின் செலவை அளந்த அறிஞர், குண்டு அளந்த ஊரிலேயே அடங்கினமை வியக்கற்பாலது.

1756 ஜூன் மாதத்தில் கிளைவு இக்கோட்டைக்கு அதிகாரியாகி வந்தார். சில திங்களிலேயே வங்காளம் சென்றார். 1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி இலாலி புதுச்சேரியில் இறங்கினார். இறங்கிய உடனே கடலூர்மீது படை செலுத்தினார். வண்டியிழுக்க மாடும் சுமைதூக்க ஆளும் போதாவாக, புதுச்சேரி மக்களைக் குலமுறை, தொழில்முறை நோக்காது பிடித்துச் சுமை தூக்குமாறும் வண்டி இழுக்குமாறும் ஏவினார். அம்மக்கள் செய்த பிழை யாது? மே மாதத் தொடக்கத்தில் கடலூர் வீழ்ந்தது. ஜூன் 2-ஆம் நாள் கோட்டையும் பணிந்தது. இலாலி கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்குவித்தார். அறுபத்தெட்டு ஆண்டு பேணப்பெற்ற அரண் சில நாளில் செங்கற்குவியலாயிற்று.

கோட்டை அழிந்தும் போர் ஓயவில்லை. 1760-இல் ஆங்கிலேயர் கடலூரை மீட்டனர். 1782-இல் பிரெஞ்சுக்காரர் ஐதர் அலியின் துணையோடு மீண்டும் பற்றினர். 1783 ஜூன் மாதத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டு என்னும் ஆங்கிலத் தளபதி, பூசி காத்துநின்ற கடலூரை முற்றுகையிட்டார். ஜூன் 13-இல் தரைமீது கடும்போர். ஜூன் 20-இல் ஹியூசு, சுப்பிரேன் என்னும் இரு கப்பற்படைத் தலைவர் கடல்மீது போர். ஜூன் 25-இல் பிரெஞ்சுக்காரர் நகரினின்று வெளிப்போந்து தாக்கினர். இருதிறத்தும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஜூன் இறுதியில் ஒரு கப்பல் வெண்கொடி தாங்கி வந்து செய்தி கூறிற்று. யாது செய்தி? இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்திற்குக் கைச்சாத்திட்டுவிட்டன என்பது. எப்பொழுது? அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாள்! ஐந்து திங்களாகப் பகையே இல்லாத இரண்டு அரசர் பொருட்டு, நம் மணலில் மனிதர் ஒருவரையொருவர் கொன்றனர். இரு படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் துணுக்குறுகின்றது.

1785-இல் நகர் ஆங்கிலேயர்க்கு மீண்டது. பின்னர்த் தென்னார்க்காட்டு ஜில்லாவின் தலைநகராகி, மஞ்சக்குப்பத்தில் கச்சேரிகளும் துரைமார் மாளிகைகளும் விளங்கின. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுவந்த பாரதியார், கடலூரருகே கைதாகி இந்நகர்ச் சிறையில் வைக்கப்பெற்று டிசம்பரில் விடுதலையானார். 1993-இல் கடலூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைத் தாக்கிப் பல உயிரைக் கவர்ந்தது. ஆயினும் மீனவர் மீண்டும் அக்கரையிலேயே வலை விரித்தனர். கோட்டையின் எச்சமாக இடிந்த செங்கற்சுவர் சிலவே உள. சுட்ட பீரங்கி இல்லை. சுடச் செய்த கும்பெனி இல்லை. குண்டு உப்பலவாடி உளது.

இது நிற்க. இக்கட்டுரையை எழுதுங்கால் என் மனத்தை வருத்திய செய்தி ஒன்றைச் சொல்லி முடிப்பேன். என் பாட்டனார் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஒன்றும், பழைய பத்திரங்கள் அடங்கிய தகரப்பெட்டி ஒன்றும் இருந்தனவாம். ஓலைகளைப் பதினெட்டாம் பெருக்கன்று கெடிலத்தில் விட்டனர். வீடு புதுக்கியபொழுது பத்திரங்களைக் குப்பையொடு கொளுத்தினர். செய்தவர் தீயவரல்லர், பயனற்றவை என்று எண்ணினர், அவ்வளவே. நம் முன்னோர் எவ்வாண்டில் எந்த வேலிக்குள் குடியேறினர், எந்தப் போரில் ஊர்விட்டு ஓடினர், எவ்வெல்லைக்கு உட்பட்ட மனையை என்ன விலைக்குக் கொண்டனர் என்பன அவற்றில் இருந்தனவோ இல்லையோ, இனி யார் அறிவார்?

ஆதலின், நம் சங்கத்து அன்பர்காள்! நம் முன்னோரை அரசர் என்றும் தளபதி என்றும் புனைந்துரைத்தல் வேண்டா. தறியில் இருந்தோரும், ஏர் பிடித்தோரும், பிறர் போருக்குச் சுமை தூக்கியோரும் ஆகிய அவர்தம் மெய்வரலாறே நமக்குப் போதிய பெருமை தரும். உங்கள் இல்லங்களில் உள்ள பழைய கிரயப் பத்திரம், ஓலைமுறி, கணக்குச் சுவடி இவற்றை ஆற்றில் விடாதீர், அடுப்பில் இடாதீர். படித்தறிந்தாரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். வயற்பெயர், குளப்பெயர், பழைய தெருப்பெயர் இவற்றை முதியோரிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். பாட்டிமார் சொல்லும் பெயரை அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதுக, திருத்தற்க.

அச்சிறுவனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்த அன்று வகுப்பில் எவரும் நகைக்கவில்லை. அவன் எழுந்து, “எங்கள் ஆயாவைக் கேட்டு, எங்கள் ஊர் வயல்களின் பெயரெல்லாம் எழுதி வருகிறேன், ஐயா” என்றான். மறுவாரம் இருபத்துமூன்று பெயர் எழுதி வந்தான். சரித்திரம் எழுதத் தொடங்கும் முறை அதுவே.