டர்போநீக்ரோ

டர்போநீக்ரோ என்பது 1989ஆம் ஆண்டில் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவை ஒட்டிய பகுதியில் உருவான ராக் இசைக்குழுவாகும். சில கோர்டுகளே போதும், வாசிப்புத் தேர்ச்சியைவிட வேகமும் துணிவுமே முதன்மை என்று கருதும் பங்க் இசையிலிருந்து புறப்பட்ட இக்குழு, மினுக்கும் உடையும் நாடகத்தனமும் கொண்ட 1970களின் கிளாம் ராக்கையும் கனத்த கிதார் ஒலியை அடித்தளமாகக் கொண்ட ஹார்ட் ராக்கையும் அதனோடு கலந்து, அக்கலவைக்கு ‘டெத்பங்க்’ என்று தானே பெயரிட்டுக்கொண்டது. குழுவின் பெயரின் பிற்பாதி கறுப்பினத்தவரை இழிவாகச் சுட்டப் பயன்பட்ட சொல்லாகும். அதிர்ச்சியூட்டும் நோக்கில் வைக்கப்பட்ட அப்பெயர், குழு நார்வேக்கு வெளியே அறியப்பட்ட பின் அதன் மீது நீங்காத சுமையாகவே நின்றது.

‘ஹேப்பி டாம்’ என்ற மேடைப்பெயர் கொண்ட தாமஸ் செல்ட்சர், ‘பால் பாட் பம்பாரியஸ்’, ‘ரூனே ரெபெலியன்’ ஆகியோர் குழுவின் தொடக்கக்கால உறுப்பினர்கள். 1992இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் கரடுமுரடான இரைச்சலே மேலோங்கியிருந்தது. ‘ஹாங்க் ஃபான் ஹெல்வெட்டே’ என்று பின்னர் புகழ்பெற்ற ஹான்ஸ் எரிக் டுவிக் ஹுஸ்பி 1993இல் பாடகராகச் சேர்ந்ததும் குழுவுக்கு ஒரு முகம் கிடைத்தது. பருத்த உடலும் கண்களைச் சுற்றிய கருமையும் அடித்தொண்டைக் குரலும் கொண்ட அவர், மேடையில் அச்சத்தையும் சிரிப்பையும் ஒரே வேளையில் எழுப்ப வல்லவராக இருந்தார்.

அக்காலத்தில் நார்வேயிலிருந்து உலகச் செய்திகளுக்கு எட்டிய இசை, தேவாலய எரிப்புகளோடும் கொலைகளோடும் பேசப்பட்ட பிளாக் மெட்டலாகும். சாத்தானைப் போற்றுவதே மீறலின் எல்லை என்று கருதப்பட்ட அச்சூழலில், முழு டெனிம் உடை, மாலுமித் தொப்பி, மீசை என்று தன்பாலீர்ப்பு ஆண்களின் பண்பாட்டு அடையாளங்களைப் பூண்டு மேடையேறிய டர்போநீக்ரோ, இறுகிய ஆண்மையைப் பெருமையாகக் கொண்டிருந்த பங்க், மெட்டல் ரசிகர்களையே நிலைகுலையச் செய்தது. பிறருடைய அடையாளத்தை வேடமாக அணிவது சரிதானா என்ற கேள்வி நியாயமானதே; எனினும் அதிர்ச்சியின் இலக்கு அந்தச் சிறுபான்மையினர் அல்லர், ராக் இசையின் ஆண்மைத் தோரணைதான் என்பதைப் பாடல்களைக் கேட்பவர் உணரலாம்.

1996இல் வெளிவந்த ‘ஆஸ் கோப்ரா’ இத்தோற்றத்துக்கு உரிய ஒலியைக் கண்டடைந்தது. அடுத்து ‘யூரோபாய்’ என்றழைக்கப்பட்ட க்னூட் ஷ்ரைனர் முதன்மைக் கிதார் கலைஞராக வந்து சேர, 1998இல் ‘அப்போகலிப்ஸ் டூட்ஸ்’ வெளியாயிற்று. பங்க் மரபு ஐயத்தோடு பார்த்த நீண்ட கிதார் தனிவாசிப்புகளை அவர் தயக்கமின்றி உள்ளே கொண்டுவந்தார். தொடக்கப் பாடலான ‘தி ஏஜ் ஆஃப் பம்பாரியஸ்’ ஆறு நிமிடத்துக்கும் மேல் நீண்டு, அவசரமின்றி வளர்ந்து, பின் வெடிக்கிறது. தன்னைத் தோற்றுவித்த இசையின் விதிகளை மீறியதாலேயே இந்த ஆல்பம் குழுவின் சிறந்த படைப்பாக நிற்கிறது.

ஆயினும் அதே ஆண்டில், ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது ஹெராயின் பழக்கத்தாலும் மனநலக் குலைவாலும் ஹுஸ்பி நிலைகுலைந்ததால் குழு கலைந்தது. அவர் வடநார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குத் திரும்பினார். ஷ்ரைனர் தம் மற்றொரு குழுவான யூரோபாய்ஸில் கவனம் செலுத்தினார். வியப்புக்குரிய செய்தி என்னவெனில், டர்போநீக்ரோவின் பெரும்புகழ் அக்குழு இல்லாதிருந்த, 2002 வரையிலான நான்கு ஆண்டுகளில்தான் விளைந்தது. ஆல்பங்கள் கைமாறிப் பரவின. 2001இல் குழுவின் பாடல்களைப் பிறர் பாடிய அஞ்சலித் தொகுப்பு ஒன்று வெளிவந்தபோது, அமெரிக்காவின் குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ், பின்லாந்தின் ஹிம் ஆகியவற்றோடு நார்வேயின் பிளாக் மெட்டல் குழுவான சாட்டிரிகானும் அதில் இடம்பெற்றது. ‘டர்போயூகெண்ட்’ எனப்படும் ரசிகர் அமைப்பு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து செயின்ட் பவுலி பகுதியை மையமாகக் கொண்டு பல நாடுகளில் கிளைவிட்டது. ஒவ்வொரு கிளையினரும் தங்கள் ஊரின் பெயரை டெனிம் மேற்சட்டையின் முதுகில் பொறித்துக்கொண்டனர்.

இந்த வேட்கையே 2002இல் குழுவை மீண்டும் மேடைக்கு அழைத்துவந்தது. கிறிஸ்டியான்சாண்ட் நகரின் குவார்ட் விழா உள்ளிட்ட சில நிகழ்ச்சிகளோடு முடிந்திருக்க வேண்டிய மறுசந்திப்பு, ‘ஸ்காண்டிநேவியன் லெதர்’ (2003), ‘பார்ட்டி அனிமல்ஸ்’ (2005), ‘ரீடாக்ஸ்’ (2007) என மூன்று ஆல்பங்களாக நீண்டது. அரங்குகள் பெரிதாயின, பாடல்களில் பழைய ஆபத்துணர்வு குறைந்தது.

பின்னர் ஹுஸ்பி விலகி, 2010இல் வெளிவந்த ‘கார்னேலிஸ்’ திரைப்படத்தில் சுவீடனின் புகழ்பெற்ற பாடகர் கார்னேலிஸ் வ்ரேஸ்விக்கின் வேடத்தில் நடித்தார். 2018இல் தனி ஆல்பமும் வெளியிட்ட அவர், 2021 நவம்பரில் 49ஆம் வயதில் காலமானார். அவருடைய இடத்துக்கு 2011இல் வந்த டோனி சில்வெஸ்டர், டர்போயூகெண்டின் லண்டன் கிளையை நடத்திவந்த ஆங்கிலேயர். குழு இல்லாத காலத்தில் அதன் பெயரைக் காத்த ரசிகர்களிடையிலிருந்தே அதன் குரல் தேர்ந்தெடுக்கப்பட்டது பொருத்தமானது. முன்னவரைப் போலி செய்யாமல் தமக்கே உரிய முரட்டுக் குரலில் பாடியது அவருடைய பலம். அவருடன் குழு ‘செக்சுவல் ஹராஸ்மெண்ட்’ (2012), சிந்தசைசர் ஒலியும் 1980களின் ஹார்ட் ராக் சாயலும் கூடிய ‘ராக் அண்ட் ரோல் மெஷின்’ (2018) ஆகிய ஆல்பங்களை வெளியிட்டது.