தண்டவாளத்து மேல ஒரு காட்டுப்பாதை

ஜப்பானோட தெற்குப் பக்கம் யாகுஷிமா தீவு. அங்க ஜோமோன் சுகிங்கிற கிழட்டு மரத்தைப் பாக்கணும்னா போக வர 22 கி.மீ. நடக்கணும். (சுகின்னா அந்த ஊர் ஊசியிலை மரம்.) பெரும்பகுதி தூரம் ரயில் தண்டவாளத்து மேலதான்! காட்டுக்குள்ள எதுக்குய்யா ரயில்னு தோணிச்சு எனக்கு.

வெட்டின மரத்தைக் கீழ இறக்கத்தான். 1923ல ஓட ஆரம்பிச்ச லைன். அதுக்கும் ரொம்ப முன்னாடி, எடோ காலத்துல, சத்சுமா சிற்றரசுக்குத் தீவு ஜனங்க வரி கட்டினதே கூரை வேயற சுகிப் பலகையாத்தான். பலகை பிளக்க நேரான மரம் வேணும். கோணலும் முடிச்சுமா இருந்ததை வெட்டாம விட்டுட்டாங்க. இன்னிக்கு நாம வாயப் பொளந்து பாக்கற கிழவனுங்க பலபேர் அப்படிக் கழிச்சுக் கட்டின கேஸுதான் :-) ஜோமோன் சுகி வெளியுலகத்துக்குத் தெரிஞ்சதே 1966ல. சுற்றளவு 16 மீட்டருக்கு மேல!

1993ல தீவோட ஒரு பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. எல்லாரும் மரத்தைப் படம் புடிக்க ஓடறாங்க. வழியில கொசுகிதானின்னு ஒரு இடம். மரம் வெட்டறவங்க குடும்பத்தோட இருந்த ஊரு, பள்ளிக்கூடம்கூட இருந்தது. 1970ல மொத்தமா காலி பண்ணிட்டாங்க.

திரும்பி வரும்போது அங்க உக்காந்துதான் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சேன்.