கணனியின் வெப்பமும் ஒலியும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை விலைகொடுத்து வாங்கியோர் தம் கைப்படச் செய்துகொண்ட திருத்தங்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளன. கணனிப் பெட்டியின் வெப்பத்தைத் தணித்து, அதன் இரைச்சலைக் குறைக்க முயன்றோரின் கதை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கலைப்பீட மாணவன் ஒருவன் தலையிடத்தக்க விடயமன்று இது எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், கருவிக்கும் அதன்முன் நாள்முழுதும் அமர்ந்திருக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு வரலாற்று மாணவனுக்கும் உரிய பொருளே.

கணனி தான் பெறும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதையும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவிடுகிறது. 1946இல் பிலடெல்பியாவில் அறிமுகமான ‘எனியாக்’ ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, 150 கிலோவாற்று மின்சக்தியை உட்கொண்டது. அதனைக் குளிர்விக்கப் பெரிய ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன. 1976இல் வெளிவந்த ‘கிறே-1’ இற்குக் குளிர்சாதனப் பெட்டியிற் பயன்படும் பிறியோன் தேவைப்பட்டது. இவை தமக்கெனத் தனி மண்டபங்களைக் கொண்டிருந்தமையால் இரைச்சல் பெரும் பொருட்டாகவில்லை. கணனி வீட்டு மேசைக்கு வந்த பின்னரே அது ஒரு பிரச்சினையாயிற்று.

இவ்விடத்தில் ‘அப்பிள்’ நிறுவனத்தின் அனுபவம் விரித்து நோக்கத்தக்கது. 1977இல் வெளியான ‘அப்பிள் 2’ இல் விசிறி இருத்தலாகாது என்பது ஸ்ரீவ் ஜொப்ஸின் பிடிவாதம். விசிறியின் ஓசை மனஅமைதியைக் குலைக்கும் என அவர் கருதினார். றொட் ஹோல்ற் என்னும் பொறியியலாளர் இவ்விருப்பத்தைச் சாத்தியமாக்கினார். அக்காலத்துச் சாதாரண மின்வழங்கிகள் பெருமளவு வெப்பத்தை வீணே வெளியிட்டன. ஹோல்றோ மின்னோட்டத்தை மிக விரைவாகத் தொடுத்தும் துண்டித்தும் இயங்கும் மின்வழங்கியை அமைத்து, வெப்பம் பிறக்குமிடத்திலேயே அதனைக் குறைத்தார். எனினும் வாங்கியோர் மேலதிக மின்சுற்று அட்டைகளைச் செருகச் செருக உட்புறம் சூடேறியது. ஆகவே பெட்டியின் பக்கவாட்டிற் பொருத்தத்தக்க விசிறிகளைப் பிற நிறுவனங்கள் விற்கலாயின. ஜொப்ஸ் விலக்கிய ஓசையை வாங்கியோர் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றனர்!

1980இல் வந்த ‘அப்பிள் 3’ உம் விசிறியற்றதே. கனமான அலுமினிய அடித்தளம் வெப்பத்தை வெளியேற்றும் என எதிர்பார்க்கப்பட்டது. சில்லுகள் தம் குழிகளினின்று தளர்ந்தன. கணனியைச் சில அங்குலம் உயர்த்தி மேசைமீது விழவிடுமாறு பயனாளருக்கு ஆலோசனை கூறப்பட்டது. மின்சுற்று அளவுக்கு மீறி நெருக்கமாக அமைக்கப்பட்டதே குறை, வெப்பமன்று என வாதிடுவோரும் உளர். எவ்வாறாயினும், அமைதி என்பது கட்டளையால் மட்டும் பெறத்தக்கதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. ஜொப்ஸ் 1985இல் விலகிய பின்னர், 1987இன் ‘மக்கின்ரோஷ் எஸ்.ஈ.’ இல் விசிறி இடம்பெற்றது.

1990களில் கணிப்பைச் செய்யும் முறைவழியாக்கியே தனி விசிறியை வேண்டி நின்றது. 1998இன் ‘செலறோன் 300ஏ’ என்னும் மலிவான சில்லை 450 மெகாஹேட்சு வேகத்தில் ஓட்டலாம் எனக் கண்ட இளைஞர் பலர் குளிர்விக்கும் வழிகளைத் தாமே நாடினர். மீன்தொட்டிக்குரிய நீர்ப்பம்பியும், குளிர்நாட்டு மோட்டார் வாகனங்களில் உள்ளிருப்போருக்கு வெப்பமூட்டும் சிறு கதிர்வீசியும் அவர்களது நீர்க்குளிரூட்டலின் உறுப்புகளாயின. பழைய வாகனக் குவியல்களில் இருந்தே இவற்றைப் பெற்றோரும் உண்டு.

வேகத்தை நாடியோருக்கு அடுத்து அமைதியை நாடியோர் தோன்றினர். என் நோக்கில் இவர்களே கூடுதலாகச் சிந்தித்தவர்கள். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று ஏறத்தாழப் பாதியாகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். ஆகவே 80 மில்லிமீற்றர் விசிறியை விரைந்து சுழற்றுவதிலும் 120 மில்லிமீற்றர் விசிறியை மெல்லச் சுழற்றுவது சிறந்தது. விசிறியின் ஒரு கம்பியை 12 வோல்ற்றிலும் மற்றையதை 5 வோல்ற்றிலும் இணைத்து, எஞ்சும் 7 வோல்ற்றில் அதனைத் தணிவாக ஓட்டினர். வன்றட்டின் அதிர்வு பெட்டிக்குப் பரவாதிருக்க, அதனைத் தையற்கடை இலாஸ்ரிக் நாடாவில் தொங்கவிட்டனர். இவை யாவற்றினும் மேலாக, முறைவழியாக்கியின் மின்னழுத்தத்தையே குறைத்தனர். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், பத்தில் ஒரு பங்கு குறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தை நீக்கியது. அறிந்தோ அறியாமலோ ஹோல்றின் வழிக்கே அவர்கள் திரும்பினர்.

ஆக்கியோர் அவ்வழிக்கு வரச் சிறிது காலம் சென்றது. ‘இன்ரெல்’ நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘பென்ரியம் 4’ சில்லுகளுள் சில 100 வாற்றைத் தாண்டின. அவற்றுக்கு அடுத்து வரவிருந்த வடிவத்தை அந்நிறுவனம் அவ்வாண்டிலேயே கைவிட்டது. 2006இன் ‘கோர் 2 டுவோ’ பெரும்பாலும் 65 வாற்று அளவில் அமைந்தது. பெட்டி செய்வோரும் பயனாளரிடம் பாடம் கேட்டனர். 2005இல் ‘அன்ரெக்’ வெளியிட்ட ‘பி180’ பெட்டி, அமைதியான கணனிகளைப் பற்றி எழுதிவந்த மைக் சின் என்பவரின் ஒத்துழைப்புடன் வடிவமைக்கப்பட்டது. மெல்லச் சுழலும் 120 மில்லிமீற்றர் விசிறிகளும், அதிர்வை அடக்கும் பல்லடுக்குச் சுவர்களும், மின்வழங்கிக்குத் தனி அறையும் அதில் இருந்தன.

ஜொப்ஸ் 2011இல் காலமானார். ஒன்பது ஆண்டுகளின் பின், 2020இல், அப்பிளின் ‘எம்1’ சில்லைக் கொண்ட ‘மக்புக் எயர்’ விசிறி எதுவுமின்றி வெளிவந்தது. அமைதியானது, ஆயின் நெடுநேரக் கடும் வேலையின்போது சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வாங்கியோருட் சிலர் அடிமூடியைக் கழற்றி, சில்லின் வெப்பந்தாங்கிக்கும் மூடிக்கும் இடையே வெப்பங்கடத்தும் மெல்லிய பட்டையை ஒட்டினர். மடியில் வைத்தால் சுடும். வேகம் மட்டும் குறையவில்லை.