ஜீப்பின் பின் ஆக்ஸில்: பெரியதெல்லாம் பலமா?

அமெரிக்காவில் பழைய சிஜே ஜீப்பை வாங்கி, மலை, பாறை என்று ஓட்டுவதற்காகப் புதுப்பிப்பவர்கள் நிறைய. அவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று பின் ஆக்ஸில். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1941-ல் ராணுவத்துக்கு வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பின் பின் ஆக்ஸில் சிறியது. ஆனால் 'ஃபுல் ஃப்ளோட்டிங்' வகை. வண்டியின் எடையை வெளிக்குழாய் தாங்கும். ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றும் வேலை மட்டும்தான். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்றுவிடாது.

1976 முதல் 1986 வரை வந்த சிஜே ஜீப்புகளில் பெரும்பாலும் ஏஎம்சி 20 ஆக்ஸில். இது 'செமி ஃப்ளோட்டிங்'. எடையும் ஷாஃப்ட் தலையில். இதன் கிரவுன் வீல் 8.875 அங்குலம். எல்லோரும் புகழும் டானா 44-க்கே 8.5 அங்குலம்தான்! பிறகு என்ன குறை?

ஷாஃப்ட் ஒரு துண்டு, ஹப் இன்னொரு துண்டு. இரண்டையும் பிணைப்பது கூம்பு முனையும் ஒரு சின்னக் கீயும். பெரிய டயர் போட்டுப் பாறையில் ஏற்றினால் கீ அறுந்து, ஷாஃப்ட் மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும். ஆள் இல்லாத மலையில் இது நடந்தால் என்ன ஆகும்?

ஆக, ஆக்ஸிலையே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரே துண்டாலான ஷாஃப்ட் போட்டாலே முக்கியக் குறை தீரும். அதுவும் போதாதவர்கள் டானா 44-க்கோ, 1957-ல் அறிமுகமான ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலுக்கோ போகலாம். அப்போது அகலம், போல்ட் அமைப்பு, முன் ஆக்ஸிலோடு பல்விகிதம் மூன்றும் பொருந்த வேண்டும்.

எது பெரியது என்பதைவிட, எது முதலில் உடையும் என்று கேட்பதே லாபம்.