பூனையை எழுதியவர்களும் பூனையாகிய கவிஞரும்

புணேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்புப் பணி 1966இல் நிறைவுற்றது. சாந்தி பருவத்தில் பீஷ்மர் தருமருக்கு உரைக்கும் கதையொன்றில், உலோமசன் என்னும் பூனை வலையில் சிக்குகிறது. கீரிக்கும் ஆந்தைக்கும் அஞ்சிய பலிதன் என்னும் எலி அதனிடமே அடைக்கலம் புகுகிறது; ஆயினும் வேடன் நெருங்கும்வரை கடைசி இழையை அறுக்கவில்லை. ஆபத்து நீங்கியபின் பூனை நட்புப் பாராட்ட, எலி மறுத்துவிடுகிறது. பூனையின் இயல்பு இங்கு நுட்பமாகப் பதிவாகிறது. எனினும் நோக்கம் அரசியல் நீதியே.

மாமல்லபுரச் சிற்பத்தில் கைதூக்கி நிற்கும் தவப்பூனையும் போலித்துறவுக்கான எள்ளலே.

கம்பரின் வழி வேறு. இராமகாதையைப் பாற்கடலாகவும், அதனை முற்றும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மையும் அவையடக்கத்தில் காட்டுகிறார். பூனை அங்கே பிறருக்கான எச்சரிக்கை அன்று. ஆசையால் உந்தப்பட்ட கவிஞரே அது.

அவர் ஆளும் சொல் ‘பூசை’. வெருகினை அச்சொல்லால் வழங்கத் தொல்காப்பிய மரபியல் இடந்தருகிறது. மலையாளத்தில் அது ‘பூச்ச’ என இன்றும் வாழ்கிறது. தமிழ் மாணவருக்கோ ‘பூசை’ என்றதும் வழிபாடே நினைவில் எழுகிறது. ஒரு சொல்லின் பழம்பொருள் மறையும்போது, கம்பர் தம்மைத் தாமே வரைந்த சித்திரமும் உடன் மறைகிறது.