தியார்பக்கிர் வழக்கறிஞர்களும் ஸ்ட்ராஸ்பர்க் மனுவும்

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் துருக்கி 1954ஆம் ஆண்டே இணைந்துவிட்டபோதிலும், உள்நாட்டில் நீதி கிடைக்காத ஒருவர் தம் அரசின்மீதே ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அந்த உடன்படிக்கையின் அமைப்புகளிடம் முறையிடும் உரிமையை, அதாவது தனிநபர் மனு உரிமையை, 1987இல்தான் அது ஏற்றுக்கொண்டது. அதையடுத்த சில ஆண்டுகளில் தென்கிழக்கில் குர்தியக் கிளர்ச்சியை ஒடுக்கும் போர் முற்றி, கிராமங்கள் எரிக்கப்பட்டு மக்கள் தியார்பக்கிர் நகரில் வந்து குவிந்தபோது, அந்நகர வழக்கறிஞர்கள் தாம் அதுவரை கையாண்டிராத ஒரு மனுவை எழுதக் கற்க வேண்டியிருந்தது.

1992இல் லண்டனில் நிறுவப்பட்ட குர்திய மனித உரிமைத் திட்டமும், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் பாயில், பிரான்சுவாஸ் ஹாம்ப்சன் ஆகியோரும் இதில் துணைநின்றனர். பாயில் வட அயர்லாந்து வழக்குகளை ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கொண்டுசென்று பழகியவர். பயிற்சி என்றதும் வகுப்பறையே நினைவுக்கு வரும் என்றாலும், இங்கே கற்றலின் பெரும்பகுதி வழக்குக் கட்டைத் தயாரிப்பதிலேயே நடந்தது எனலாம். உள்நாட்டு நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறிமுடித்த பிறகே மனு செல்லும் என்பது பொதுவிதி. அந்தப் படிகள் பெயரளவில் மட்டும் இருப்பவை என்று காட்ட முடிந்தால் விதி தளரும். வீடுகள் எரிக்கப்பட்ட கெலெக்சி கிராமத்தாரின் அக்திவார் வழக்கில், 1996 செப்டம்பரில், ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவ்வாறே தளர்த்தியது.

சான்றின் மதிப்பை உணர்த்தியது அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பான அக்சோய் வழக்கு. காவலில் தம் கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டார்கள் என்ற மனுதாரர் அக்சோயின் வாக்குமூலம் தனித்து நின்றிருந்தால் அரசு எளிதில் மறுத்திருக்கும். விடுதலையான சில நாள்களில் இரு கைகளும் செயலிழந்த நிலையில் அவர் சேர்க்கப்பட்டதைக் காட்டிய மருத்துவமனைக் குறிப்பு உடனிருந்ததால், காவலில் ஏற்பட்ட காயத்துக்கு விளக்கம் தரும் பொறுப்பு அரசின்மேல் விழுந்தது. ஒரு நாடு சித்திரவதை செய்ததாக அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதுவே முதல்முறை. மனுதாரர் அதைக் கேட்க உயிருடன் இல்லை. 1994இலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இந்தத் தொழில் வழக்கறிஞர்களுக்கும் ஆபத்தாகவே இருந்தது. 1993இன் இறுதியில் தாஹிர் எல்ச்சி உள்ளிட்ட தியார்பக்கிர் வழக்கறிஞர் பலர் கைதாகி, அவர்களில் சிலர் சித்திரவதைக்கும் உள்ளாயினர். கட்சிக்காரர்களுக்காகப் பழகிய மனு இப்போது அந்த வழக்கறிஞர்கள் பெயரிலேயே ஸ்ட்ராஸ்பர்க்குக்குச் சென்றது. அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு வெளிவர 2003 நவம்பர் ஆயிற்று.