கதிரை வந்தது, பாதை வரவில்லை

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் திகதி நெருங்கும்போது எனக்குள் ஒரு கூச்சம் எழுவதுண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1992இல் பிரகடனம் செய்த சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் அது. மறுநாள் பத்திரிகைகளில் ஒரே வகையான படம் வெளியாகும். புதிய சக்கர நாற்காலி, அதன் பிடியில் பிரமுகர் ஒருவரின் கை, நாற்காலியில் தலை குனிந்தபடி ஒருவர். படத்தின் கீழ் பிரமுகரின் பெயரும் பதவியும் பிழையின்றி இருக்கும். அமர்ந்திருப்பவர் “பயனாளி ஒருவர்” மட்டுமே. அப்படியான வரிகளை எத்தனையோ ஆண்டுகள் எழுதியவன் நான். அந்தப் பயனாளி வீடு போய்ச் சேர்ந்தாரா, நாற்காலி அவருடைய முற்றத்து மணலில் உருண்டதா என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்த ஊர் கிரான்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் கிரான் வரும். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் இங்குதான் இருக்கின்றது. செய்திகளை வாசிப்போருக்குக் கிரான் என்றதும் போரும் அதன் பெயர்களுமே நினைவுக்கு வரக்கூடும். ஊரவருக்கோ அது வயலும் மாட்டுப்பட்டியும் வெள்ளமும் சேர்ந்த இடம். மேற்கே புலிபாய்ந்தகல் ஊடாகக் குடும்பிமலைப் பக்கம் போகும் பாதை பெருமழைக் காலங்களில் நீரில் மூழ்கியதையும், மக்கள் படகில் ஏறிப் பிரதேச செயலகம் வந்ததையும் பலமுறை செய்தியாக்கியிருக்கின்றோம். அந்தப் படகில் ஊன்றுகோலுடன் ஒருவர் எப்படி ஏறினார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டோம்.

ஒரு மாரிகாலத்தில் அப்பகுதிக்குச் சென்றிருந்தபோது, இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே நடக்க இயலாமற்போன ஓர் அக்காவைச் சந்தித்தேன். அவருக்கும் ஒரு சக்கர நாற்காலி கிடைத்திருந்தது. வழுவழுப்பான மருத்துவமனைத் தரைக்கென்று செய்யப்பட்ட அந்த நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் வாசல் மணலிலேயே புதைந்துவிட்டன. கதிரையைத் தந்தவர்கள் பாதையைத் தரவில்லையே என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஆனாலும் அவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. ஊரிலுள்ள சிறிய சங்கத்துப் பெண்கள் துணைக்கு இருந்தார்கள். கூட்டம் என்றால் இருவர் வந்து தூக்கிப் போவார்கள். கொடுப்பனவுப் படிவம் என்றால் ஒருவர் நிரப்பிக் கொடுப்பார். அச்சங்கத்துக்கு அலுவலகம் என ஒன்று இல்லை. ஒரு கொப்பி, ஒரு முத்திரை, மாதம் ஒருமுறை கூடுவதற்கு ஒரு மரநிழல் ஆகியனவே அதன் சொத்து.

இலங்கையில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. தேசியக் கொள்கை 2003இல் உருவானது. பொதுக் கட்டடங்களில் சரிவுப் பாதையும் பொருத்தமான கழிப்பறையும் அமைய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின.

அதே மாதங்களில் கிரானில் நடந்ததை நினைத்துப் பார்க்கின்றேன். வாகரைப் பக்கத்திலிருந்து போரால் விரட்டப்பட்ட மக்கள் 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாழைச்சேனை, கிரான், மட்டக்களப்பு என முகாம்களில் வந்து குவிந்தார்கள். சரிவுப் பாதையைப் பற்றிக் கொழும்பு சட்டம் எழுதிய வேளையில், இங்கே கால் இழந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் கூடாரக் கயிறுகளில் இடறிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் 2004இன் ஆழிப்பேரலை. அதற்கும் முன் நெடிய யுத்த ஆண்டுகள். நிலக்கண்ணி அபாயம் நீங்கிய மாவட்டமாக மட்டக்களப்பு அறிவிக்கப்பட்டது 2017இல்தான். மண்ணிலிருந்து கண்ணிகளை அகற்றிவிடலாம். அவை பறித்த கால்கள் திரும்பி வருவதில்லை.

உரிமைக்காக வழக்காடியவர்களும் உண்டு. கிரிக்கெட் நடுவராக இருந்த அஜித் பெரேரா 1992இல் காரில் சென்றபோது வீதியோர மரம் ஒன்று விழுந்ததால் நடக்கும் ஆற்றலை இழந்தார். பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி குறித்து அவர் தொடுத்த வழக்கில், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை, 2016இல் அதனை ஏற்றுறுதி செய்தது. பார்வையற்றவரான சுகத் வசந்த த சில்வா 2024இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். இவையெல்லாம் மெய்யான வெற்றிகள். ஆயினும் தீர்ப்பின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ப் பாடசாலையின் படிக்கட்டைக் காட்டி, இதை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். தனியாள் கேட்டால் மனு, சங்கம் கேட்டால் கோரிக்கை.

உலக வரலாறும் இதையே சொல்கின்றது. 1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு ஒன்று நடந்தது. தங்களைப் பற்றித் தீர்மானிக்கும் அவையில் தங்களுக்குச் சம இடம் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் அங்கே கேட்டார்கள். அது மறுக்கப்பட்டது. வெளியேறியவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் கூடித் தமக்கென ஓர் உலக அமைப்பை நிறுவினார்கள். மாற்றுத்திறனாளிகளை அவர்களுடைய அமைப்புகளின் ஊடாகக் கலந்தாலோசித்தே முடிவெடுக்க வேண்டும் என்று ஐ.நா. சமவாயம் தன் நான்காம் உறுப்புரையில் அரசுகளைக் கட்டாயப்படுத்துவதன் பின்னணியில் அத்தகைய போராட்டங்கள் உள்ளன.

அதே 1981இல் தமிழ்நாட்டில், தென்காசிக்கு அருகேயுள்ள ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது 1975இல் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். ஒரு கிராமத்தில் சிறியதாகத் தொடங்கிய அப்பணி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பரவியது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு உழைப்பையும், அதைத் தாங்கிய பல சிறு நன்கொடைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மவர் அமைப்புகளுக்கு வாய்க்காதது அந்த நீண்ட காலமே. ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கில் பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வீதிக்கு வீதி முளைத்தன. போர் முடிந்த பின் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றின் பணத்தில் பயிற்சிப் பட்டறைக்கும் பதாகைக்கும் மதிய உணவுக்கும் இடம் இருந்தது. சங்கச் செயலாளர் பிரதேச செயலகம் போய்வரும் பஸ் கட்டணத்துக்கு இடம் இருக்கவில்லை. திட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் உள்ள அமைப்பு வளர்ந்தது. மரநிழலில் கூடிய சங்கம் பின்தங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் சேரும். மணமான ஆண் மனைவியின் வீட்டில் வாழ்வான். ஆகவே போரில் ஊனமுற்றவரைப் பராமரிக்கும் பாரம் தாய், மனைவி, சகோதரி என்று பெண்களின் தலையிலேயே விழுந்தது. இவ்வூர்ச் சங்கங்களைப் பெண்கள் தாங்கி நிற்பதன் காரணம் அதிலும் உண்டு. அவர்களுடைய உழைப்பை எந்தத் திட்டக் கணக்கும் செலவாகக் காட்டியதில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் ஏதோ ஓர் இயலாமையுடன் வாழ்ந்தார்கள். இத்தனை பேருக்கு உள்ளூராட்சி மன்றங்களில் ஒதுக்கப்பட்ட ஓர் ஆசனமேனும் இல்லை. பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது சபைகளின் முகமே மாறியதைக் கண்டோம். தமிழ்நாடு 2025இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டம் இயற்றியது. வீதி போடுவதைத் தீர்மானிக்கும் மேசையில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் இருந்தால், கிரானின் ஒழுங்கைகளுக்கும் விடிவு பிறக்கலாம்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு உதவ நினைக்கும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது சக்கர நாற்காலிதான். நல்ல எண்ணம். ஆனால் வாங்குமுன் அந்த ஊர்ச் சங்கத்தைக் கேளுங்கள். பயனாளியின் உடலுக்கும் நிலத்துக்கும் பொருந்தும் நாற்காலி, அதற்கான பயிற்சி, பழுதுபார்க்கும் ஏற்பாடு ஆகியவை சேர்ந்தே அமைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி வெளியிட்டுள்ளது. பத்து நாற்காலிக்கான பணத்தில் ஐந்தை வாங்கி, மீதியை ரயர் மாற்றவும் பஸ் கட்டணத்துக்கும் கொப்பி வாங்கவும் சங்கத்திடம் ஒப்படையுங்கள். கணக்குக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். ஓர் ஆண்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்த அக்காவின் வாசலில் சங்கத்தவர் பின்னர் ஒரு வேலை செய்தார்கள். கல்லும் கிரவலும் கொட்டி, வாசலிலிருந்து ஒழுங்கை வரை இறுக்கமான பாதை ஒன்று போட்டார்கள். பத்தடி இருக்கும். திறப்பு விழா இல்லை, படம் இல்லை. நாற்காலி அதில் உருண்டது. அன்று நான் எழுதாமல் விட்ட செய்தி அது. இன்று எழுதிவிட்டேன்.